பாம்பென்றால் புரிகிறது, பட்டன் என்றால்?

வாசகியின் கேள்வி:

என் வயது 34. சொன்னால் சிரிப்பீர்கள். சட்டையில் இருக்கும் பொத்தானைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அதிலும் வெள்ளையாக, சின்னதாக, நாலு ஓட்டையோடு இருந்தால் ரொம்ப மோசம். அறுந்துபோய் நூலோடு தரையில் கிடந்தால் அந்த அறைக்குள்ளேயே போக மாட்டேன். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். என் உடைகள் எதிலும் அது கிடையாது. கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் டி-ஷர்ட்டுக்கு மாறிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருமுறை விளையாட்டாக என் கையில் ஒன்றை வைத்து மூடினார். நான் வாந்தியெடுத்ததைப் பார்த்த பிறகு அந்த விளையாட்டு நின்றது. "வேலை செய்யாமல் இருக்க நல்ல வியாதி" என்பார் மாமியார். அதெல்லாம் பழகிவிட்டது. இப்போது என் மகன் இன்னும் இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடம் போகிறான். சீருடைச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு "அம்மா" என்று ஓடி வந்தான். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அவன் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. எனக்குப் பைத்தியமா? இது சரியாகுமா? அவனுக்கும் இது ஒட்டிக்கொள்ளுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'பொத்தான்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மற்ற இடங்களில் 'அது', 'ஒன்று' என்று சமாளித்திருக்கிறீர்கள். நாம் எல்லாரும் வாயால் சொல்லும் 'பட்டன்' ஓரிடத்திலும் இல்லை. இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். பொத்தான் என்பது பாடப்புத்தகத்துச் சொல், கொஞ்சம் தள்ளி நிற்கும். பட்டன் என்று சொன்னால் சட்டையே கண்முன் வந்துவிடும். இந்தப் பதிலில் நான் பட்டன் என்றுதான் எழுதப்போகிறேன், வேண்டுமென்றே. படிக்கும்போது வயிற்றைப் புரட்டினால் மூடி வையுங்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படியுங்கள். ஆனால் வந்து படியுங்கள்.

பைத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஸ்பெசிஃபிக் ஃபோபியா என்று மனநலத் துறையில் ஒரு வகை உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளோ சூழலோ மட்டும் ஒருவரைப் படுத்தி எடுப்பது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேடு இதை ஐந்தாகப் பிரிக்கிறது. விலங்குகள் ஒன்று, உயரம், இடி, தண்ணீர் போன்ற இயற்கை ஒன்று, ரத்தம், ஊசி, காயம் ஒன்று, விமானம், லிஃப்ட் போன்ற சூழ்நிலைகள் ஒன்று, இவற்றில் அடங்காததெல்லாம் 'மற்றவை'. பட்டன் அந்த மற்றவையில் வரும். பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளின்படி நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த ஃபோபியாக்களில் ஏதோ ஒன்று வந்துபோகிறது. இணையத்தில் தேடினால் உங்களுடையதற்கு 'கூம்பூனோஃபோபியா' என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று கிடைக்கும். கிரேக்கச் சொல்லோடு ஃபோபியாவை ஒட்டவைத்த பெயர். நோய்க் கையேட்டில் அது இல்லை. அந்தப் பெயரைக் கண்டு புதிதாக ஒரு நோய் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். அப்போதுதான் ஃபோபியா என்று முடிவு செய்வோம். முதலாவது உங்களுக்கு எப்போதும் பொருந்தியது. இரண்டாவதைத்தான் இத்தனை வருடம் சாமர்த்தியமாகத் தள்ளிவைத்திருந்தீர்கள்: உங்கள் உடை, கணவரின் உடை, வீடு எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டு. மகன்தான் அந்த ஏற்பாட்டைக் கலைத்திருக்கிறான்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். பாம்பைப் பார்த்து ஒருத்தி அலறினால் யாரும் சிரிப்பதில்லை. மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் 1971இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். நம் மூதாதையரின் உயிருக்கு ஆபத்தாக இருந்தவற்றுக்குப் பயப்பட நாம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம், மற்றவற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் கற்பதில்லை என்றார். அதனால்தான் பாம்புப் பயம் இல்லாதவருக்கும் அந்தப் பயம் புரிகிறது. அவருக்குள்ளும் அதன் விதை கொஞ்சம் கிடக்கிறது. பட்டன் யாரையும் கொன்றதில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டதும் மாமியார் தனக்குள் தேடிப் பார்க்கிறார். அதற்கு ஒத்த எதுவும் அகப்படவில்லை. அகப்படாததை நடிப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. (கொஞ்சம் இருந்தாலும் இருக்கலாம். அது இன்னொரு கடிதத்துக்கான விஷயம்.)

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். அதில் 'பயம்' என்ற சொல்லே இல்லை. குமட்டல் இருக்கிறது, வாந்தி இருக்கிறது. பட்டன் உங்களை ஏதாவது செய்துவிடும் என்று ஓர் இடத்திலும் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் அருவருப்பு. பயமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அது பட்டன் மேல் உள்ள பயமாக இல்லாமல், குமட்டல் வந்துவிடுமோ, நாலு பேர் முன்னால் அவமானமாகிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? "கடிக்குமா? விழுங்கிவிடுமா?" என்று இத்தனை வருடம் உங்களிடம் கேட்டவர்கள் எல்லாரும் இல்லாத பயத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாய்க்குப் பயப்படுகிறவர் நாய் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று, அது கடிக்காததைப் பார்த்தால் அவர் மூளை ஒரு பாடம் கற்கும்: எதிர்பார்த்தது நடக்கவில்லை. அருவருப்பில் எதிர்பார்ப்பு என்று ஒன்று பெரிதாகக் கிடையாது. தொட்டதுமே அது நடந்து முடிந்துவிட்டது. பொய்யாக்குவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

பால் ரோஸின் என்ற உளவியலாளர் தன் சகாக்களோடு 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. செத்துப்போன, கிருமி நீக்கிய கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டு, அந்தச் சாறு வேண்டுமா என்று கேட்டார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் அதைக் குடிக்கும் ஆசை படுத்துவிட்டது. அறிவுக்குத் தெரிந்தது வயிற்றுக்கு எட்டவில்லை. உங்கள் கணவருக்குப் புரியவைக்கக் கரப்பான்பூச்சி தேவையில்லை. நன்றாகக் கழுவிய ஒரு டம்ளரை அவரிடம் கொடுத்து அதில் துப்பச் சொல்லுங்கள். "இப்போது அதைக் குடியுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்த உங்கள் எச்சில்தானே?" அவர் முகம் சுளிக்கும் அந்த ஒரு நொடி போதும். "எனக்குப் பட்டன் அப்படி" என்று சொல்லுங்கள். இதைப் பலரிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒருமணி நேர விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. மாமியாரிடம் மட்டும் வேண்டாம்.

உலகத்தில் நீங்கள் ஒருத்திதானா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். 2002இல் லிசெட் சாவெத்ரா, வெண்டி சில்வர்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குச் சிகிச்சை அளித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவனுக்கும் பட்டன்தான். ஐந்து வயதில் வகுப்பில் கைவேலை செய்துகொண்டிருந்தபோது அவனிடம் இருந்த பட்டன்கள் தீர்ந்துபோக, ஆசிரியர் மேசையில் இருந்த கிண்ணத்திலிருந்து எடுக்கப் போனான். கை தவறி மொத்தமும் அவன் மேல் கொட்டிவிட்டது. ஆரம்பம் அங்கே. எதற்கு எவ்வளவு கஷ்டம் என்று அவனையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஜீன்ஸின் பெரிய பட்டன் அடிமட்டத்தில், சின்ன பிளாஸ்டிக் பட்டன் உச்சியில். நடுவே அவன் சொன்ன ஒரு படி: பட்டன் வைத்த உடையில் இருக்கும் அம்மாவைக் கட்டிக்கொள்வது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்தப் படிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே பிள்ளை நகர்ந்தான், இங்கே அம்மா.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். முதலில் வழக்கமான முறையில் படிப்படியாகத் தொடப் பழக்கினார்கள். பையனும் ஒவ்வொன்றாகத் தொட்டான். ஆனால் எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டபோது, அவன் சொன்ன எண்கள் குறைவதற்குப் பதிலாக ஏறின. கை பழகியது, வயிறு பழகவில்லை. பிறகு அவனிடம் துருவிக் கேட்டார்கள். பட்டன் உடம்பில் படுவதே அசிங்கம், அதிலிருந்து ஒரு நாற்றம் வருகிறது என்றான். சிகிச்சையை அந்த அருவருப்பை நோக்கித் திருப்பினார்கள். நூற்றுக்கணக்கான பட்டன்கள் தன் மேல் விழுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி, அது எப்படித் தெரிகிறது, எப்படிப் படுகிறது, என்ன மணக்கிறது என்று விவரிக்கச் செய்து, அந்த எண்ணங்களையும் எடுத்துப் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் எண்கள் இறங்கின. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவனால் பட்டன் வைத்த பள்ளிச் சட்டையைப் போட முடிந்தது.

உங்களுக்குக் கிண்ணம் கவிழ்ந்த ஞாபகம் எதுவும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஆரம்பம் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. காரணத்தைத் தோண்டுவதிலேயே ஆறு மாதம் செலவழிக்கும் ஆலோசகர் கிடைத்தால், மரியாதையாக வேறு ஒருவரைத் தேடுங்கள்.

இப்போது சிகிச்சை. நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே 'எக்ஸ்போஷர்' செய்வீர்களா என்று கேளுங்கள். பயந்ததை, அருவருப்பதை அளவாக, உங்கள் சம்மதத்தோடு எதிர்கொள்ளவைப்பதுதான் அது. இது புதிதல்ல. 1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுக்குழந்தை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து, கடைசியில் முயலைத் தடவும் அளவுக்குப் பழக்கினார். ஒரே அமர்வில் முடித்துவிடும் முறையும் இருக்கிறது; ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989இல் விவரித்தது, அதிகபட்சம் மூன்று மணி நேரம். அது மோசடி இல்லை, நிஜமாகவே பலன் தருவது. ஆனாலும் உங்கள் விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். அருவருப்பு பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும்.

என்னிடம் வந்திருந்தால் முதல் நாள் உங்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்திருப்பேன். அதில் ஒரு வட்டம் போடுங்கள். வெறும் வட்டம். எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை? ஒன்று என்பீர்கள். சரி, உள்ளே இரண்டு புள்ளி. இன்னும் இரண்டு புள்ளி. பேனா இங்கே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். ஆறோ ஏழோ என்பீர்கள். அந்தத் தாளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாம் பேசுவோம். அடுத்து உலோகப் பட்டன், அப்புறம் மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் பெரிய கறுப்புப் பட்டன், பாட்டில் அறையின் அந்தக் கோடியில். நூல் தொங்கும் சின்ன வெள்ளைப் பட்டன் எல்லாவற்றுக்கும் கடைசியில். தொட்ட பிறகு கை கழுவ விட மாட்டேன். அதே விரலால் கன்னத்தைத் தொடச் சொல்வேன். பலர் முறைப்பது இந்த இடத்தில்தான். ஆனால் கழுவினால் 'கழுவியதால்தான் தப்பித்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். குமட்டினால் குமட்டட்டும், பக்கத்தில் வாளி இருக்கும். வாந்தியே வந்தாலும் சிகிச்சை தோற்றதாகக் கணக்கில்லை. பட்டன் கையில் இருக்கும்போதே அது வந்து போவதைப் பார்த்தீர்கள் என்றால், அன்றைய வேலை நடந்திருக்கிறது.

மாத்திரை கேட்பீர்கள். இந்த ஃபோபியாவைக் குணமாக்கும் மாத்திரை கிடையாது. பதற்றம் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பட்டனைத் தொட்டால் பாராட்டு மாத்திரைக்குப் போய்விடும். வேறு காரணத்துக்காக மருத்துவர் ஏதாவது எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், ஆலோசகரிடம் சொல்லிவையுங்கள்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆறடி உயரம், நூறு பேரை வேலை வாங்குகிறவர். அவருக்குப் பஞ்சு ஆகாது. மாத்திரை பாட்டிலின் வாயில் அடைத்திருக்குமே, அந்தப் பஞ்சைப் பிரிக்கும்போது விரலில் உணரும் அந்த நறநறப்பை நினைத்தாலே பல் கூசி, பிடரி மயிர் நிற்கும். பல் மருத்துவர் வாயில் பஞ்சு வைப்பார் என்பதற்காக மூன்று வருடம் பல்வலியோடு இருந்தார். மனைவியிடம் சொன்ன காரணம், "ஊசின்னா பயம்." ஊசிப் பயம் என்றால் கௌரவம் பாருங்கள்! பஞ்சு என்றால் இல்லை. எட்டாவது வாரம் என் எதிரே உட்கார்ந்து ஒரு பஞ்சு உருண்டையைப் பிய்த்துக்கொண்டே பேசினார். நெற்றியெல்லாம் வியர்வை. பேச்சு மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் அவருக்குப் பஞ்சு பிடிக்காது. பல்லைப் பிடுங்கிவிட்டார். எனக்கு அது போதும், அவருக்கும் போதும். நீங்களும் பட்டனை ரசிக்க வேண்டியதில்லை.

கணவருக்கு இரண்டு விஷயம். கையில் வைத்து மூடிய அந்த வேலை வேண்டவே வேண்டாம், நல்ல எண்ணத்தோடும் வேண்டாம். எப்போது, எது, எவ்வளவு நேரம் என்று நீங்கள் தீர்மானிக்கும்போதுதான் அது சிகிச்சை. மற்றவர் தீர்மானித்தால் இன்னொரு கிண்ணம் கவிழ்ந்த மாதிரி. இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் அன்பாகச் செய்வது அது. வாசலிலேயே டி-ஷர்ட்டுக்கு மாறுவதை உடனே நிறுத்த வேண்டாம். சிகிச்சை தொடங்கிய பிறகு, உங்கள் பட்டியலில் அது எந்தப் படியோ அந்தப் படி வரும்போது நிறுத்தட்டும். முதலில் ஐந்து நிமிடம் தாமதமாக மாறட்டும், அப்புறம் பத்து. எவ்வளவு அன்பாக ஒதுக்கித் தந்தாலும், ஒதுக்க ஒதுக்க அந்தப் பொருள் இன்னும் பெரிதாகிறது.

மாமியாரைப் புரியவைக்கும் முயற்சியை என்னைக் கேட்டால் ஒத்திவையுங்கள். புரிந்துகொண்டால்தான் உதவுவார் என்பதில்லை. "அத்தை, தரையில பட்டன் கிடந்தா எடுத்து டப்பாவுல போட்டுடுங்க" என்று ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால் வழக்கு நடக்கும். வேலையைச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது செய்துவிடுவார்.

மகனுக்கு ஒட்டிக்கொள்ளுமா? பார்த்துக் கற்கும் பயம் உண்டு. உளவியலாளர் சூசன் மினேகாவும் சகாக்களும் 1980களில் நடத்திய ஆய்வுகளில், பாம்பையே பார்த்திராத குரங்குகள், பாம்புக்குப் பயப்படும் குரங்குகளைப் பார்த்து அந்தப் பயத்தைக் கற்றுக்கொண்டன. ஆனால் குரங்கு ஒன்று பூவைப் பார்த்துப் பயப்படுவதுபோலப் படத்தை வெட்டி ஒட்டிக் காட்டியபோது, பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படவில்லை. குரங்குக்குக் கண்டதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட முடியாது. என்றாலும் பட்டன் பாம்பைவிடப் பூவுக்குத்தான் நெருக்கம். அவன் பட்டனை வெறுக்கக் கற்பான் என்பதைவிட, அம்மா தன்னிடமிருந்து நகர்ந்தாள் என்று அவன் எடுத்துக்கொள்வான் என்பதுதான் என் கவலை. அதை இன்றைக்கே சரிசெய்யலாம், சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டாம். கீழே உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு இந்தச் சட்டையில இருக்கிற பட்டன் பிடிக்கல. உன்னை ரொம்பப் பிடிக்கும். பட்டனோட இருக்க அம்மா பழகிக்கிட்டு இருக்கேன்." அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது விநோதமாகவே தெரியாது. அவர்களுக்கே பிடிக்காத பொருள்கள் பத்து இருக்கும்.

அதுவரைக்கும் ஒரு வழி. சட்டையின் பட்டன் முன்பக்கம்தான் இருக்கிறது. அவன் பின்னாலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். காலையில் பட்டன் போட்டுவிடுவதைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவையுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கீழ்ப் பட்டன் ஒன்று உங்கள் பொறுப்பு. மேலே உள்ளதெல்லாம் மெதுவாக வரட்டும். இரண்டு மாதத்தில் எல்லாம் முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது. தொடங்க அது தாராளமான காலம்.

இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் அந்தச் சொல்லை எத்தனை முறை கடந்து வந்தீர்கள் என்று நான் எண்ணவில்லை. நடுவில் எத்தனை முறை எழுந்து போனீர்கள், எந்த வரியில் எழுந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எழுதும்போது 'அது' வேண்டாம், 'பொத்தான்' வேண்டாம்.